ஆயா ஏறுகிற ராட்டினம்

தைப்பூசத்தன்று சுற்று வட்டாரத்து ஊர்களின் மூர்த்திகள் செய்யாற்றில் ஒன்றுகூடும் பெருநகர்த் திருவிழாவுக்கும், கோடை நாட்களில் ஊருக்கு ஊர் நடைபெறும் அக்னி வசந்த உற்சவங்களுக்கும் பரம்பரையாகப் போய்வந்து கொண்டிருக்கும் மானாம்பதி ஜனங்களிடம், குடைராட்டினத்தைப் பற்றி உங்கள் அபிப்பிராயம் யாது என்று கேட்டால், சொல்லுகிறவரின் வயதைப் பதிலிலிருந்தே கணித்துவிடலாம். “மாட்டு வண்டியே இத்தவிட வேகமாப் போவும் சார், காசு தண்டம்” என்கிறான் கல்லூரி மாணவன். “கொழந்த அழுவல, அதுவே போதும்” என்கிறாள் இளந்தாய். “தல சுத்தல தம்பி, எறங்கி நின்னா கால் நடுங்கல, இன்னும் ரெண்டு சுத்து வுட்டிருக்கலாம்” என்பது ஆயாவின் தீர்ப்பு. இம்மூன்றில் முதல் அபிப்பிராயமே உரத்த குரலில் சொல்லப்படுவதால் ராட்டினக்காரர் காதில் அதுதான் விழுகிறது.

கோடைச் சிறப்பிதழுக்காக, குடும்பம் முழுவதும் ஏறிக் களிக்கத்தக்க விளையாட்டைப் பற்றி எழுதும்படி பணித்த பத்திரிகாசிரியர், சென்னைக்குத் தெற்கே கடலோரச் சாலையிலுள்ள பெரிய பூங்காக்களைத்தான் மனத்தில் கொண்டிருப்பார். ஆனால் அத்தகைய பூங்காக்களில் உள்ள அதிவேக யந்திரங்கள் பலவற்றின் வாயிலில் உயரம் பார்க்கும் அளவுகோல் ஒன்று நிற்கிறது. அதில் குறித்த உயரத்தை எட்டாத பிள்ளைக்கு அனுமதியில்லை. இருதய நோயாளிக்கும், கர்ப்பிணிக்கும், முதுகுவலிக்காரருக்கும் அனுமதியில்லை. இத்தனை பேரையும் கழித்துவிட்ட பிறகு மிஞ்சுகிற மாமனும் மச்சானும் மட்டும் ஏறி இறங்குவதைக் குடும்ப உல்லாசம் என்று எழுத என் பேனா இசையவில்லை.

எல்லாரும் ஏறத்தக்க குடைராட்டினமோ லாரியில் துண்டு துண்டாக வந்து இறங்குகிறது. மண்ணைச் சமப்படுத்தி, கனத்த மரக்கட்டைகளைக் கிடத்தி, அவற்றின்மேல் நடுத்தூணை நிறுத்தி, தூணிலிருந்து குடைக் கம்பிகளைப் போல் கைகளை விரித்து, அவற்றில் குதிரையும் யானையும் அன்னமும், முதியோர்க்கும் கைக்குழந்தைக்காரிக்கும் என்று முதுகுச் சாய்வுள்ள ஆசனங்களும் மாட்டுகிறார்கள். முன்பு கையால் தள்ளிக்கொண்டே ஓடியவன் இடத்தில் இப்போது யந்திரம் இருக்கிறது. ஆட்களை ஏற்றுவதிலும் ஒரு சாஸ்திரம் உண்டு. கனத்த குடும்பம் ஒரு பக்கம் அமர்ந்தால், பாரம் சமனாகும்பொருட்டு எதிர்ப்பக்கத்துக்கும் ஈடான ஆட்களைத் தேடி நிரப்பிய பிறகே சுற்றத் தொடங்குகிறான் அனுபவசாலி. அதன் வேகத்தை நாமே கணக்கிட்டுப் பார்க்கலாம்: விட்டம் 20 அடி, நிமிஷத்துக்கு 5 சுற்று என்று வைத்துக்கொண்டால், ஓரத்துக் குதிரை நிமிஷத்தில் ஏறக்குறைய 314 அடி போகிறது, மணிக்கு ஆறு கிலோமீட்டர்கூட ஆகவில்லை. கூட்ரோட்டில் பஸ்ஸைப் பிடிக்க எட்டி நடக்கிறவரின் வேகம் அது. உட்புறத்துக் குதிரையோ அதனினும் மந்தம். ஆகவே பயந்த பிள்ளையை உள்வரிசையிலும் துணிந்த பிள்ளையை வெளிவரிசையிலும் அமர்த்துவது தாய்மார்கள் தாமாகவே கண்டுகொண்ட யுக்தி.

மேல்நாட்டிலும் குடைராட்டினம் பழைய விளையாட்டுத்தான். 1860களில் இங்கிலாந்துச் சந்தைகளில் நீராவி யந்திரம் இதைச் சுழற்ற வந்து சேர்ந்தது. அந்நாட்டு ராட்டினங்கள் பெரும்பாலும் கடிகார முள் போகும் திசையிலும், அமெரிக்க ராட்டினங்கள் அதற்கு எதிர்த்திசையிலும் சுழல்கின்றன. குதிரையின் இடப்பக்கம் நின்று ஏறுவது சவாரிக்காரர் வழக்கமாகையால், அந்தப் பக்கம் வெளிப்புறமாக வாய்க்கவேண்டும் என்பதே ஆங்கிலேயரின் நியாயம். நடுத்தூணை வலக்கைப் பக்கம் வைத்துச் சுற்றும் அந்த முறை, நாம் சந்நிதியை வலம் வருகிற முறையேதான் என்பதை அந்த ஆங்கிலேயர் அறிந்திருக்க நியாயமில்லை.

லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் கிரிபித் பூங்காவில், தம் பெண்குழந்தைகள் ராட்டினத்தில் சுற்றிக்கொண்டிருக்க, வெளியே பெஞ்சியில் சும்மா உட்கார்ந்திருந்த தகப்பனார் ஒருவருக்கு, பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து களிக்க ஓரிடம் வேண்டும் என்ற எண்ணம் உதித்தது. அவரே பின்னாளில், 1955ஆம் ஆண்டில், அனஹீமில் அமைத்த பூங்காவை அறியாத பிள்ளை இல்லை. அந்தக் கீர்த்தி வாய்ந்த பூங்கா உதித்ததற்குக் காரணம், பெஞ்சியில் உட்கார்ந்திருந்தவரின் சலிப்பு. நம்முடைய திருவிழாத் திடலில் அத்தகைய பெஞ்சிகூடக் கிடையாது.

ஏற முடியாத பெரியவர்கள் எங்கே உட்காருவது என்பதே என்னை வாட்டுகிற கவலை. “கொலம்பஸ்” என்று நம் ஜனங்கள் அழைக்கும் ஊஞ்சல் கப்பலும், “டோரா டோரா”வும், “பிரேக் டான்ஸ்” என்ற பெயரில் மனிதனைக் குலுக்கிக் கொட்டும் யந்திரமும் திடலில் வந்து இறங்க இறங்க, குடைராட்டினம் ஓரத்துக்குத் தள்ளப்பட்டு, கைப்பிள்ளைகளுக்கென்று நாலைந்து பிளாஸ்டிக் வாகனங்களோடு சுருங்கிவிடுகிறது. பெரியவர்கள் அமரும் ஆசனங்கள் அதில் இல்லை. அப்போது ஆயாவின் கதி என்ன? கழற்றிப் போட்ட செருப்புகள், வளையல் கடைப் பை, பொரிகடலைப் பொட்டலம், மருமகளின் கைப்பை, பேரனின் பலூன் ஆகிய சகல சொத்துக்களையும் மடியிலும் காலடியிலும் பரப்பிக்கொண்டு, மேலே கூச்சலிடுகிறவர்களில் தன் வீட்டார் எவர் என்று தெரியாமல் அண்ணாந்து பார்த்தபடி புழுதியில் குந்தியிருக்கும் காவற்காரியாக அவள் ஆகிவிடுகிறாள். குடைராட்டினத்தில் அவளுக்கு ஒரு பதவி இருந்தது. பேரனுக்குப் பயம், துணைக்கு ஆள் வேண்டும் என்ற சாக்கில் அவள் ஏறுவாள். உண்மையில் யாருக்கு யார் துணை என்பதை இருவரும் அறிவார்கள்; வெளியே சொல்வதில்லை.

ஏறியவள் காண்பது என்ன? சுற்றுக்கொரு முறை வளையல் கடை வருகிறது, கரும்புக் கட்டு வருகிறது, அலங்கரித்த சுவாமி வருகிறார், “ஆயா!” என்று கையாட்டும் பேத்தி வருகிறாள், பார்க்கத் தவறியது அடுத்த சுற்றில் மறுபடியும் வருகிறது. பக்கத்து ஆசனத்துப் பெண்மணி உத்திரமேரூர்ப் பக்கத்துக்காரி என்பதையும், தன் நாத்தனார் வீட்டுக்குச் சம்பந்தி முறை என்பதையும் விசாரித்து அறியும் அளவுக்குச் சம்பாஷணைக்கும் அவகாசம் உண்டு. விடிய விடியக் கர்ண மோட்சம் கூத்துப் பார்த்துவிட்டு, மறுநாள் துரியோதனன் படுகளத்துக்கும் தூங்காமல் வந்து நிற்கிறவர்களின் பேரப்பிள்ளைகள், ஐந்து நிமிஷ ராட்டினத்தை மந்தமென்று தூற்றுகிறார்கள்.

இளைஞர் பக்கமும் நியாயம் இல்லாமலில்லை. காசு கொடுத்தவன் கொஞ்சம் திடுக்கிட ஆசைப்படுவது சகஜந்தான். ஆயினும் மந்தகதிக்கு விலை கிடைக்காது என்போர் மேட்டுப்பாளையம் ரயில் நிலையத்தைப் போய்ப் பார்க்கட்டும். 1899இல் குன்னூர் வரைக்கும், 1908இல் உதகமண்டலம் வரைக்கும் ஓடத் தொடங்கி, 2005இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்கப்பெற்ற அந்த மலை ரயில், 46 கிலோமீட்டர் ஏறுவதற்குச் சற்றேறக்குறைய ஐந்து மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. பஸ்ஸில் போனால் அதில் பாதி நேரங்கூட வேண்டாம். இருந்தும், விடுமுறை நாட்களில் அந்த ரயிலில் இடம் கிடைப்பது அரிது. மூன்று தலைமுறையும் ஒரே பெட்டியில் அமர்ந்து ஜன்னல் வழியே வேடிக்கை பார்க்க முடிகிறது என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் திருவிழா இடங்களில் நிலத்துக்கு வாடகை உண்டு. அதிகம் தருபவருக்கே நல்ல இடம். ஒரு தடவைக்கு அதிகம் பேரை ஏற்றி அதிகக் கட்டணம் வாங்கும் கொலம்பஸ்காரரோடு குடைராட்டினக்காரர் போட்டியிட முடியாது. கோயிலுக்கு அருகே ஓரிடத்தைக் குறைந்த வாடகைக்கு ஒதுக்கி, முதுகுச் சாய்வுள்ள ஆசனம் நாலாவது இருக்கவேண்டும் என்று நிபந்தனை போட்டால் என்ன என்று விழாக்குழுப் பெரியவர் ஒருவரிடம் கேட்டேன். பந்தல் செலவு, கூத்துக்காரர் சம்பளம், வாணவேடிக்கை என்று கணக்கை விரலால் எண்ணிக் காட்டிவிட்டு, குறைகிற வாடகையை யார் தருவது என்றார் அவர். பிறகு, “எங்க வூட்ல கூட அத்தத்தான் ஏறுவாங்க” என்று சேர்த்துக்கொண்டார்.