தோண்டி எடுத்த பொம்மை தெய்வமா?

நவராத்திரி நெருங்கினால் பிரிக்பீல்ட்ஸ் கடைகளில் கொலு பொம்மைகள் வந்துவிடும். துர்க்கை, லட்சுமி, சரஸ்வதிக்குப் பக்கத்திலேயே செட்டியாரும் அவர் மனைவியும், காய்கறி விற்கும் பெண்ணும், யானையும் பசுவும் நிற்பார்கள். இவற்றில் எது தெய்வம், எது இல்லை என்று உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் 5,000 ஆண்டுகள் கழித்து, தமிழும் நவராத்திரியும் தெரியாத ஒருவர் இவற்றை மண்ணிலிருந்து எடுத்தால்? செட்டியார் மனைவியையும் அம்மன் என்றே எழுதிவைத்துவிடலாம்.

வரலாற்றுக்கு முற்பட்ட ஐரோப்பாவை ஆராய்பவர்களுக்கும் இதே சிக்கல்தான். 1908-இல் ஆஸ்திரியாவின் வில்லண்டோர்ஃப் என்ற ஊரில் 11 செ.மீ. உயரமுள்ள ஒரு கல் பொம்மை கிடைத்தது. வயது சுமார் 30,000 ஆண்டுகள். பெரிய மார்பு, பெரிய வயிறு. முகம் மட்டும் இல்லை. அதற்கு ரோமானியத் தெய்வமான வீனஸின் பெயரைச் சூட்டினார்கள். பெயர் வைத்தபோதே பாதி முடிவையும் எடுத்துவிட்டார்கள் என்பேன். தமிழ்நாட்டில் ஆதிச்சநல்லூரில் கிடைத்த சிறு வெண்கலப் பெண்ணுருவும் 'தாய்த்தெய்வம்' என்றே குறிக்கப்படுகிறது.

லித்துவேனியாவில் பிறந்த மரியா கிம்புட்டாஸ் இத்தகைய உருவங்களை வைத்து ஒரு பெரிய கதையையே கட்டினார். பழைய ஐரோப்பாவின் உழவர்கள் பெண் தெய்வத்தை வணங்கி அமைதியாக வாழ்ந்தார்கள். பிறகு கிழக்கே உள்ள புல்வெளிகளிலிருந்து குதிரையேறி வந்தவர்கள் தங்கள் ஆண் தெய்வங்களைக் கொண்டுவந்தார்கள் என்றார். புல்வெளி மக்கள் பெருந்திரளாக வந்தது உண்மை என்று பழைய எலும்புகளின் மரபணு ஆய்வு 2015-இல் காட்டியது. ஆனால் அவர்கள் யாரை வணங்கினார்கள் என்பதை எலும்பு சொல்லாது.

பொம்மை கிடந்த இடம் ஏதாவது சொல்லுமா? துருக்கியின் சத்தல்ஹூயூக்கில் 1961-இல், இரு பெரும்பூனைகளுக்கு நடுவே அமர்ந்த ஒரு பெண்ணின் களிமண் உருவம் தானியக் குதிருக்குள் கிடைத்தது. விளைச்சலின் தெய்வம் என்றார்கள். 1993-க்குப் பிறகு அங்கே மறுபடியும் தோண்டியபோது, உருவங்களில் பெரும்பாலானவை விலங்குகள் என்பதும், பல குப்பையோடு குப்பையாகக் கிடந்தன என்பதும் தெரிந்தன. அப்படியானால் அவை தெய்வமே இல்லையா? அதையும் சொல்ல முடியாது. விநாயகர் சதுர்த்தி முடிந்ததும் களிமண் பிள்ளையாரை நாமே தண்ணீரில் கரைத்துவிடுகிறோமே!

இதைத் தலைகீழாகவும் பாருங்கள். கோலாலம்பூரில் 1873-இல் தோன்றிய ஸ்ரீ மகா மாரியம்மன் கோயிலில் சிலை உண்டு, கோபுரம் உண்டு. ஆனால் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம் முன்னோர் பலர் ஒரு மரத்தடிக் கல்லையோ சூலத்தையோ நட்டுத்தான் மாரியம்மனைக் கும்பிட்டார்கள். மஞ்சள் கரைந்துவிடும், வேப்பிலை காய்ந்துவிடும், கதை சொன்ன பாட்டியும் போய்விடுவார். தோண்டுபவருக்குக் கிடைப்பது ஒரு கல் மட்டுமே.

அதனால் சில ஆய்வாளர்கள் மண்ணை விட்டுவிட்டுச் சொற்களைத் தோண்டினார்கள். ரிக்வேதத்தில் விடியலின் தெய்வம் உஷஸ், கிரேக்கத்தில் ஈயோஸ், ரோமில் அவ்ரோரா. மூவரும் பெண்கள். மூன்று பெயர்களும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்பதை ஒலி மாற்ற விதிகளைக் கொண்டு மொழியியலார் நிறுவியிருக்கிறார்கள். ஆகவே இம்மொழிகள் பிரிவதற்கு முன்பே, எழுத்து இல்லாத காலத்திலேயே, ஒரு விடியல் தேவி வணங்கப்பட்டிருக்க வேண்டும். அந்தத் தாய்மொழியைப் பேசியவர்கள் கிம்புட்டாஸ் சொன்ன அதே புல்வெளி மக்கள் என்பதே இன்று பல ஆய்வாளர்களின் கருத்து. ஆண் தெய்வங்களோடு வந்தவர்கள் என்று அவர் சொன்னவர்களிடமும் ஒரு பெண் தெய்வம் இருந்திருக்கிறாள்! கிம்புட்டாஸின் தாய்மொழியில் இன்றும் விடியலுக்கு 'அவுஷ்ரா' என்றுதான் பெயர். அதுவும் அதே வேரில் முளைத்த சொல்.