வருமுன் காப்போம் வாகனத்தை

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (இயற்பியல்)

"அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது" என்பது நம் முன்னோர் மொழி. மாட்டு வண்டியைப் பூட்டுவதற்கு முன் அச்சுக்கு மசகு இட்டு, கடையாணியைத் தட்டிப் பார்த்து, காளையின் லாடம் தேய்ந்துள்ளதா என்று நோக்குவது கொங்கு நாட்டு உழவர் வழக்கம். காளை இருந்த இடத்தில் இன்று இயந்திரம் இருக்கிறது. ஆனால் அந்த வழக்கம் மட்டும் நம்மோடு வரவில்லை.

நம் கோவை, மோட்டார்த் தொழிலுக்குப் பெயர் பெற்ற ஊர். 1920ஆம் ஆண்டு ஒரே ஒரு பேருந்தைப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டத் தொடங்கிய ஜி. டி. நாயுடு அவர்கள், பின்னர் யு. எம். எஸ். என்னும் பெரிய போக்குவரத்து நிறுவனத்தையே உருவாக்கினார். அத்தகைய ஊரில் பிறந்தும், மோட்டார் வண்டி பேசும் மொழியை நான் கற்றது ஓர் இழப்பின் மூலமே.

என் தந்தையார் வாடகைக் கார் ஓட்டுநர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான். என் படிப்பும் எங்கள் வீட்டு அடுப்பும் அந்த ஒரு காரை நம்பித்தான் இருக்கின்றன.

நான் கல்லூரியில் சேர்வதற்கு முந்தைய கோடை அது. ஒரு நாள் காலை காரைக் கழுவும்போது, அதன் முன்பக்கத்தின் கீழே தரையில் பச்சை நிறத்தில் சிறிது ஈரம் கண்டேன். ஏ.சி. தண்ணீர்தானே என்று எண்ணி, வாளி நீரை ஊற்றிக் கழுவிவிட்டேன். மூன்றாம் நாள் உதகைக்குச் சவாரி. பர்லியாறு தாண்டிய ஏற்றத்தில் வெப்பமானி முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. வண்டியில் கைக்குழந்தையோடு பயணிகள் இருந்ததால், குன்னூர் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று தந்தையார் மேலும் சிறிது தூரம் ஓட்டினார். கார் வழியிலேயே நின்றது. சில நூறு ரூபாய் பெறும் ரப்பர் குழாய் ஒன்று பிளந்து, கூலண்ட் முழுவதும் வெளியேறி, சிலிண்டர் ஹெட் வளைந்துவிட்டது. செலவு முப்பதாயிரத்தைத் தாண்டியது. நான் கல்லூரியில் சேர்வதற்கென்று வைத்திருந்த பணம் அதில் கரைந்தது. அம்மாவின் தோடு அடகுக் கடைக்குப் போயிற்று.

பச்சை ஈரத்தைப் பற்றி அன்றிரவே தந்தையாரிடம் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. "வண்டி முன்னாலயே சொல்லீருக்குது கண்ணு, நாமதான் கேக்கல" என்றார்.

ஆம், வண்டி முன்கூட்டியே சொல்கிறது. அதை எவ்வாறு கேட்பது என்று பார்ப்போம்.

முதலாவது, கூலண்ட். ஏ.சி.யிலிருந்து சொட்டும் நீருக்கு நிறமில்லை. நிறத்தோடு பிசுபிசுப்பும் இருந்தால் அது கூலண்ட். ரேடியேட்டர், நம் வீட்டுப் பிரஷர் குக்கரைப் போன்றது. மூடி அழுத்தத்தைக் காப்பதால் உள்ளிருக்கும் திரவம் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிப்பதில்லை. குழாயில் பிளவு விழுந்தால் அழுத்தம் குறைகிறது, கொதிநிலையும் இறங்கிவிடுகிறது. சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் பாய்வதும் இதனால்தான். முள் ஏறினால் உடனே ஓரங்கட்டி இஞ்சினை நிறுத்த வேண்டும். நன்கு ஆறிய பிறகே மூடியைத் தொட வேண்டும்.

இரண்டாவது, இஞ்சின் ஆயில். வண்டியைச் சமதளத்தில் நிறுத்திச் சில நிமிடம் கழித்து, அளவுகோலை உருவித் துடைத்து மீண்டும் இட்டுப் பார்க்க வேண்டும். இரு குறிகளுக்கு இடையே ஆயில் இருப்பது அவசியம். கையேட்டில் சொன்ன கிலோமீட்டர், மாதம் இரண்டில் எது முந்துகிறதோ அப்போது மாற்றிவிட வேண்டும்.

மூன்றாவது, பிரேக். குன்னூருக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் உயர வேறுபாடு ஏறத்தாழ 1,500 மீட்டர். 1,000 கிலோ எடையுள்ள கார் அங்கிருந்து இறங்கும்போது ஏறக்குறைய 1 கோடியே 47 லட்சம் ஜூல் ஆற்றலை இழக்கிறது. 30 டிகிரியில் உள்ள 50 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இது போதும்! இதில் பெரும்பகுதியை பிரேக்கே தாங்கினால் என்ன ஆகும்? பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. டாட் 3 வகைத் திரவம் புதிதாக இருக்கையில் 205 டிகிரி வரை தாங்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறியபின் தாங்க வேண்டிய அளவோ 140 டிகிரிதான். அது கொதித்துக் குமிழி உண்டானால், மிதித்த மிதி உள்ளே போகும், வண்டி நிற்காது. ஆகவே திரவத்தைக் காலத்தில் மாற்ற வேண்டும். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்று ஓட்டுநர்கள் கூறுவதும் அறிவியலுக்கு ஒத்ததே. சுமையில் ஒரு பகுதியை இஞ்சின் தாங்கிக்கொள்கிறது அல்லவா?

டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் அதை மாற்றிவிட வேண்டும். ஓடிய டயரில் காற்று சூடேறி அழுத்தம் கூடியிருக்கும். எனவே காலையில் குளிர்ந்திருக்கும்போதே அளக்க வேண்டும். ஸ்டெப்னியையும் மறக்கலாகாது. பேட்டரி முனைகளில் வெண்பொடி பூத்திருந்தால் துடைத்துச் சுத்தம் செய்ய வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் பெரும் செலவில்லை. நாள்தோறும் ஐந்து நிமிடமும் ஒரு நாற்பது பக்க நோட்டும் போதும். எங்கள் காருக்கு இப்போது அப்படி ஒரு நோட்டு உண்டு. எழுதுவது நான், தந்தையார் படிக்கச் சொல்லிக் கேட்பார். கல்லூரிப் பேருந்துக்குக் கிளம்புமுன் காரின் அடியில் குனிந்து பார்ப்பது என் அன்றாடக் கடமை. அதன் பிறகு எங்கள் கார் வழியில் நின்றதில்லை. அம்மாவின் தோடு மட்டும் இன்னும் வீடு திரும்பவில்லை.

மாணவ நண்பர்களே! உங்கள் வீட்டில் ஓடுவது காராயினும், மொபெட்டாயினும், டிராக்டராயினும், நாளைக் காலை ஒருமுறை குனிந்து பாருங்கள். கண்டதை வீட்டில் சொல்லுங்கள். வந்தபின் வருந்துவதிலும் வருமுன் காப்பதே நன்று!