மண்ணின் வரவும் பற்றும்

பூமியின் மேற்பரப்பு என்றும் ஒரே நிலையில் இருப்பதன்று. காற்றும் மழையும் ஆறும் அலையும் ஓரிடத்து மண்ணை அரித்து வேறோரிடத்தில் சேர்த்தவண்ணம் உள்ளன. இதில் மனிதன் குறுக்கிடும்போது நேர்வன யாவை என்பதற்குச் சென்னை நகரமே தக்க சான்றாகும்.

சென்னைக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வரும் அலைகள் சாய்வாக மோதி, மணலை வடக்கு நோக்கி நகர்த்துகின்றன. வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் மணல் தெற்கே திரும்பினும், ஆண்டு முடிவில் நிலுவை வடக்கிற்கே. அடையாற்று முகத்துவாரத்தை வேனிற்காலத்தில் மணல்திட்டு அடைப்பதும், மழைக்கால வெள்ளம் அதனை உடைத்துக் கடல் சேர்வதும் இவ்வியக்கத்தின் விளைவே.

1875 டிசம்பரில் சென்னைத் துறைமுகத்திற்கு அடிக்கல் நாட்டப்பெற்றது. கடலுள் நீண்ட அதன் சுவர் மணலைத் தடுத்தது. தென்புறம் மணல் குவிந்து மெரினாக் கடற்கரை அகன்றது. மணல் வரத்துக் குன்றிய வடபுறத்தில், இராயபுரத்திலும் அதற்கு அப்பாலும், கடல் நிலத்தை அரித்தது; கரைநெடுகக் கருங்கல் கொட்ட நேர்ந்தது. மயிலாப்பூர்ப் பக்கத்து வரவு இராயபுரத்தில் பற்றாயிற்று.

தியாகராய நகரின் வரலாறும் இத்தகையதே. நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை வளைந்து கிடந்த நெடிய ஏரியை 1920-களில் வடித்து மனைகளாக்கினர். நெசவுக் குடியிற் பிறந்த பிட்டி தியாகராயரின் பெயரை அந்நகர் பெற்றுச் செழித்தது. ஆயினும் தாழ்ந்த நிலம் தாழ்ந்தே இருந்தது. மழைநீர் மாம்பலம் கால்வாய் வழியே அடையாற்றை அடைதல் வேண்டும். கால்வாய் தூர்ந்தால் நீர் பழைய ஏரியிலேயே தங்கும். 2021 நவம்பரில் அந்நகரத் தெருக்களில் நீர் நின்றதன் காரணம் இதுவே.

நம் சங்கங்களுக்கும் இதிற் பாடம் உண்டு. தறிக்கூடத்திற்கோ கிடங்கிற்கோ மனை வாங்குமுன், விலை மலிவை மட்டும் கருதலாகாது. கிராம வரைபடத்தையும் பழைய நிலப் பதிவேட்டையும் பார்த்து, அவ்விடம் ஏரி உள்வாயா, ஓடையா என அறிதல் வேண்டும். குழித்தறியில் நீர் ஊறினால் பாவும் கெடும், நெசவாளரின் கூலியும் போகும். கிடங்கில் புகுந்தால் விளைபொருள் அழியும்.

விவசாய அங்கத்தினர்கள் மற்றொன்றையும் நினைவிற்கொள்ள வேண்டும். ஏரியிற் படியும் வண்டல், மேட்டு வயல்கள் இழந்த மேல்மண்ணே. உரிய அனுமதி பெற்று அதனை எடுத்து வயலில் இட்டால், ஏரியும் ஆழப்படும்; நிலமும் வளம்பெறும். ஒருவர் தனியே செய்தற்கு அரிதான இப்பணி, சங்கமாய்ச் செய்தற்கு எளிது.