பளபளக்கும் இரும்பில் பதுங்கி இருக்கும் ஆபத்து!

1842-ம் ஆண்டு மே மாதம் 8-ந் தேதி. பிரான்சு நாட்டில் வெர்சேல்ஸ் நகரில் விழா முடிந்தது. ஜனங்கள் ரெயில் ஏறி பாரீசுக்குத் திரும்பிக்கொண்டு இருந்தார்கள். வழியில் என்ஜினின் அச்சு முறிந்தது! பின்னால் வந்த பெட்டிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறின. தீப்பிடித்தது. 50 பேருக்கு மேல் மாண்டு போனார்கள்.

கனத்த இரும்பு அச்சு எப்படி முறிந்தது? இரும்புக்கும் களைப்பு உண்டு! ஒரு கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் ஒடிந்து விடுகிறது அல்லவா? அதுபோலத்தான் இதுவும். முதலில் மயிரிழை போன்ற விரிசல் உண்டாகும். அது பெரும்பாலும் மேற்பரப்பில்தான் தொடங்கும். பிறகு உள்ளே வளரும். ஒருநாள் அச்சு இரண்டாகும்.

அப்படியானால் மேற்பரப்பை வழவழப்பாகத் தேய்த்துவிட்டால் போதுமா? போதாது!

ஏரி மண்ணைப் பாருங்கள்

கோடையில் ஏரி காய்கிறது. மேல் மண் சுருங்கப் பார்க்கிறது. அடி மண் விடுவது இல்லை. இந்த இழுபறியில் மேல் மண் வெடிக்கிறது.

சாணைக் கல்லில் இரும்பை அழுத்தித் தேய்க்கும்போதும் இப்படி நடக்கலாம். மேல் தோல் மட்டும் சூடேறுகிறது. ஆறும்போது அது சுருங்கப் பார்க்கிறது. உள்ளே இருக்கும் இரும்பு விடுவது இல்லை. தோலில் இழுப்பு தங்கி விடுகிறது. பார்ப்பதற்குப் பளபளப்புத்தான்! ஆனால் விரிசலுக்கு வழி திறந்தாகி விட்டது.

குண்டு மழை!

இதற்கு நேர்மாறான வழியும் உண்டு. கடுகு போன்ற உருக்குக் குண்டுகளை வேகமாக வீசி, இரும்பின் மேல் மழையாகப் பொழிவார்கள். ஒவ்வொரு குண்டும் சிறு குழி போடும். அடிபட்ட தோல் பக்கவாட்டில் பரவப் பார்க்கும். உள் இரும்பு அதைப் பிடித்து நிறுத்தும். அதனால் தோலில் நெருக்கம் உண்டாகும். கூட்டம் நெரியும் பஸ்சில் இடைவெளி ஏது? அதுபோல, நெருக்கம் உள்ள தோலில் விரிசல் எளிதில் வாய் திறக்காது!

மோட்டார் கார் என்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றினால், ஒரு வால்வு ஸ்பிரிங் 1,500 தடவை அமுங்கி விரியும். ஒரு மணி நேரத்தில் 90,000 தடவை! இப்படிப்பட்ட ஸ்பிரிங்குகளுக்கும் ஆகாய விமானத்தின் பாகங்களுக்கும் இந்தக் குண்டு மழை ஆயுளைக் கூட்டுகிறது.

அளப்பது எப்படி?

குண்டு அடி போதுமா, குறைவா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியில் வேலை பார்த்த ஆல்மன் என்பவர் ஒரு வழி கண்டார். சுமார் 76 மில்லிமீட்டர் நீளமும் 19 மில்லிமீட்டர் அகலமும் உள்ள ஒரு உருக்குத் தகடு. அதை நாலு திருகாணி போட்டு இறுக்கி, ஒரு பக்கம் மட்டும் குண்டு அடிக்க வேண்டும். திருகாணியைக் கழற்றினால் தகடு வில் போல வளைந்து எழும்! வளைவின் உயரத்தை அளந்தால் அடியின் பலம் தெரியும்.

ஆனால் இது அடியின் கணக்குத்தான். பாகத்துக்குள் தங்கிய இழுப்பையும் நெருக்கத்தையும் காண எக்ஸ்ரே வேண்டும். இரும்பில் அணுக்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. இழுப்பு இருந்தால் இடைவெளி மாறும். எக்ஸ்ரே சிதறித் திரும்பும் கோணமும் மாறும். அதைக் கொண்டு கணக்குப் போடுகிறார்கள்.

எக்ஸ்ரேயும் மேல் தோலைத்தான் பார்க்கும். ஆகவே இன்னொரு முறையும் உண்டு. இரும்பில் சிறு துளை போடுவார்கள். துளையைச் சுற்றி உள்ள இரும்பு துளி அளவு நகரும். அங்கே ஒட்டி வைத்த மெல்லிய மின்சாரக் கருவி அந்த அசைவைக் காட்டிக் கொடுக்கும். 1934-ம் ஆண்டில் ஜெர்மனியைச் சேர்ந்த மாத்தர் இந்தத் துளை முறையை வெளியிட்டார்.

ரெயிலில் ஏறுகிறவர் அச்சைப் பார்ப்பது இல்லை. விமானத்தில் பறப்பவர் என்ஜினைத் திறந்து பார்ப்பது இல்லை. அவர்களுக்காக யாரோ ஒருவர் அளந்து பார்க்க வேண்டும். பளபளப்பை மட்டும் நம்பினால் உயிருக்கே ஆபத்து!