வெள்ளம் போட்ட கோட்டுக்கு வெள்ளையடிக்காதீர்கள்

ஒகேனக்கல்லில் பரிசலுக்குத் தடை விதிப்பதும் நீக்குவதும் காவிரியின் நீர்வரத்து என்ற ஓர் எண்ணை வைத்துத்தான். 2024 ஜூலை இறுதியில் அது ஒன்றரை லட்சம் கனஅடியைத் தாண்டியது. ஐந்தருவி எங்கே, பாறை எங்கே என்று தெரியாத அந்தப் பெருக்கில் படகை இறக்கி வேகம் அளப்பது உயிரோடு விளையாடுவது. மேலே பிலிகுண்டுலுவில் மணிக்கு மணி பார்ப்பது நீர்மட்டத்தை. மட்டம்தான் கனஅடியாகக் கணக்கிடப்படுகிறது.

ஆறு அடங்கி ஓடும் நாட்களில் குறுக்கே பல இடங்களில் ஆழமும் வேகமும் அளப்பார்கள். குறுக்குவெட்டுப் பரப்பை வேகத்தால் பெருக்கினால் ஓட்டம். இன்ன மட்டத்துக்கு இன்ன ஓட்டம் என்று பல ஆண்டு சேர்ந்த புள்ளிகளின் ஊடே ஒரு வளைகோடு வரைகிறார்கள். சிக்கல் அதன் உச்சியில். அங்கே புள்ளிகள் அரிது. கோட்டை நீட்டித்தான் படிக்க வேண்டும். அகன்ற ஆற்றில் ஆழம் இரட்டித்தால் ஓட்டம் மூன்று மடங்கைத் தாண்டும். ஆழத்தில் பத்தில் ஒரு பங்கு பிசகினால் ஓட்டத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு பிசகும். ஒன்றரை லட்சத்தில் அது 25,000 கனஅடி; ஒரு நாள் ஓடினால் 2 டிஎம்சிக்கு மேல். உச்ச நீதிமன்றம் வரை போய், ஆண்டுக்கு 177.25 டிஎம்சி என்று தீர்ப்புப் பெற்ற நமக்கு இது சின்னக் கணக்கல்ல.

ஆனாலும் காவிரியைப் பார்க்க ஆள் இருக்கிறது. என் கவலையெல்லாம் மற்ற ஆறுகளைப் பற்றி. 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலின் மழை அரூரில் 33 செ.மீ., பக்கத்து ஊத்தங்கரையில் 50 செ.மீ. கொட்டியது. கீழே சாத்தனூர் அணையிலிருந்து 1.68 லட்சம் கனஅடி திறந்துவிட்டார்கள். அணை என்பதால் அந்த எண்ணாவது கிடைத்தது. அதற்கு மேலே ஒவ்வொரு ஓடையும் எவ்வளவு கொண்டுவந்தது என்று யார் சொல்வது?

சுவர் சொல்லும். தண்ணீர் வடிந்ததும் சுவரிலும் பாலத் தூணிலும் சேற்றுக்கோடு நிற்கிறது. மரக்கிளையில் சருகு தொங்குகிறது. ஆற்றோரம் நெடுக இந்த அடையாளங்களின் உயரத்தை அளந்தால் வெள்ளத்தின் சரிவு கிடைக்கும். குறுக்குவெட்டையும் படுகையின் கரடுமுரடையும் சேர்த்தால், அயர்லாந்துப் பொறியாளர் ராபர்ட் மானிங் 1889-இல் முன்வைத்த சூத்திரம் ஓட்டத்தைச் சொல்லிவிடும். உலகெங்கும் அளவுகோல் இல்லாத ஆறுகளுக்கு இது வழக்கமான வழி.

ஆற்றை அளக்க ரேடார் கருவிகள் வந்துவிட்டன, இனி இதெல்லாம் எதற்கு என்பவர்கள் உண்டு. கருவி நிற்கும் இடத்தில் அது சரி.

டிசம்பர் வெள்ளத்தின் கோட்டுக்கு ஆயுள் ஆறு வாரம். போகிக்கு முன் வெள்ளையடித்தால் அழிந்தது. மழையும் மாடும் மீதியைக் கரைத்துவிடும். மணல் அள்ளிய படுகையின் குறுக்குவெட்டோ அடுத்த ஆண்டே வேறாகிவிடும். அதன் பிறகு எவ்வளவு உயரத்துக்குப் பாலம் கட்டுவது என்பதை ஊகித்துத்தான் கட்ட வேண்டும்.

ஊர்க்காரர்களே செய்யலாம். கோடு தெரியும் சுவரில் ஆணியடித்து, பக்கத்தில் தேதியைப் பெயின்ட்டால் எழுதி, படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடம் ஒரு நகல் கொடுத்துவிட்டு, அப்புறம் வெள்ளையடிக்கட்டும்.