கேம்ஸ் ஆடவும் வேலை பார்க்கவும் ஒரே லேப்டாப்: எப்படித் தேர்ந்தெடுப்பது?

"லேப்டாப் வாங்கணும். பையன் கேம்ஸும் ஆடுவான், காலேஜ் வேலையும் செய்வான், வீட்டுக் கணக்கும் பார்க்கணும். எதை வாங்கலாம்?" சாப்ட்வேர் துறையில் வேலை பார்ப்பவன் என்பதால் உறவினர்களும் நண்பர்களும் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. இதற்கு ஒரு மாடல் பெயரைச் சொல்லிவிடுவது எளிது. ஆனால் அடுத்த மூன்று மாதங்களில் அந்த மாடல் கடையில் இருக்காது. எனவே எந்த மாடலாக இருந்தாலும் நீங்களே பார்த்து முடிவு செய்யும் வழியை இங்கு காணலாம்.

கேம்ஸ் ஆடும் திறன் கொண்ட லேப்டாப்களில் பல, ஒரு லட்சம் ரூபாயை ஒட்டியோ தாண்டியோ விற்கப்படுகின்றன. பெரும்பாலான குடும்பங்களுக்கு இது பல மாதச் சேமிப்பு. டெஸ்க்டாப் கம்ப்யூட்டரில் கிராபிக்ஸ் கார்ட் போதவில்லை என்றால் பின்னால் மாற்றிக் கொள்ளலாம். லேப்டாப்பில் அநேகமாக அது முடியாது. எனவே கடையில் எடுக்கும் முடிவுதான் அடுத்த நான்கைந்து ஆண்டுகளுக்கு.

முதலில் தேவையைப் பட்டியலிடுங்கள்

எந்த கேம்ஸ் ஆடப் போகிறீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதுங்கள். வேலரன்ட், மைன்கிராப்ட் போன்றவை அதிகத் திறன் கேட்பதில்லை. தொடக்க நிலை கிராபிக்ஸ் சிப் கொண்ட லேப்டாப்பே இவற்றுக்குப் போதும். 2020ல் வெளியான சைபர்பங்க் 2077 போன்ற பெரிய கேம்ஸ் வேறு ரகம். இவற்றில் திரைக் காட்சியின் தரத்தைக் கூட்டக் கூட்ட, கிராபிக்ஸ் சிப்பின் வேலையும் கூடும்.

புதிதாக வரும் சில கேம்ஸ் இன்னும் ஒரு படி மேலே போகின்றன. 2024ல் வந்த இண்டியானா ஜோன்ஸ் அண்ட் தி கிரேட் சர்க்கிள், 2025ல் வந்த டூம்: தி டார்க் ஏஜஸ் ஆகிய இரண்டும், ரே ட்ரேசிங் வசதி உள்ள கிராபிக்ஸ் சிப் இல்லாவிட்டால் இயங்காது. ஒளி எங்கு பட்டு எப்படித் தெறிக்கிறது என்பதைக் கணக்கிட்டுக் காட்டும் தொழில்நுட்பம் இது. குறைந்த விலையில் பழைய லேப்டாப் வாங்க நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஜி.டி.எக்ஸ். 1650 போன்ற சிப் உள்ளவற்றில் இந்த வசதி இல்லை. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14ல் முடிந்துவிட்டது. எனவே பழையதை வாங்கினாலும், விண்டோஸ் 11 ஏற்கும் லேப்டாப்பாக இருக்க வேண்டும்.

கிராபிக்ஸ் சிப்: பெயர் மட்டும் போதாது

கேம்ஸ் என்று வந்துவிட்டால் முதலிடம் கிராபிக்ஸ் சிப்புக்குத்தான். பலரும் இங்குதான் ஏமாந்து போகிறார்கள். பெட்டியின் மீது உள்ள பெயரைப் பார்த்து, ஒரே பெயர் என்றால் ஒரே வேகம் என்று நினைக்கிறார்கள்.

என்விடியாவின் ஜிஇபோர்ஸ் ஆர்.டி.எக்ஸ். 4060 லேப்டாப் சிப்பை எடுத்துக் கொள்வோம். இது 35 வாட்ஸ் முதல் 115 வாட்ஸ் வரை எந்த அளவு மின்சக்தியிலும் இயங்கும்படி வடிவமைக்கப்பட்டது. எந்த அளவு என்பதை லேப்டாப் தயாரிக்கும் நிறுவனம் முடிவு செய்கிறது. சில லேப்டாப்களில், ப்ராசசர் அந்த நேரத்தில் பயன்படுத்தாத மின்சக்தியையும் சேர்த்து 140 வாட்ஸ் வரை தருகிறார்கள். ஒரே கம்பெனியின் ஒரே மின்விசிறிதான். ஒரு வீட்டில் ரெகுலேட்டர் இரண்டில் நிற்கிறது, மற்றொரு வீட்டில் ஐந்தில் சுற்றுகிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். காற்று ஒன்றாகவா வரும்?

வாட்ஸ் இரு மடங்கானால் வேகமும் இரு மடங்காகும் என்று பொருள் இல்லை. இந்தச் சிப்பைப் பொறுத்தவரை 35ல் இருந்து 80 வாட்ஸ் வரை நல்ல வேறுபாடு தெரியும். 100ஐத் தாண்டிய பின் கிடைக்கும் கூடுதல் பலன் சிறிதுதான்.

முன்பு பெயரிலேயே ஒரு குறிப்பு இருந்தது. 2017ல் அறிமுகமான மேக்ஸ்-க்யூ என்ற சொல் சிப்பின் பெயருடன் இருந்தால், மின்சக்தி குறைக்கப்பட்டது என்று தெரிந்து கொள்ளலாம். 2021ல் வந்த ஆர்.டி.எக்ஸ். 30 வரிசையில் இருந்து சிப்பின் பெயரில் அந்தச் சொல் சேர்க்கப்படுவதில்லை. இப்போது நாம்தான் தேடிப் பார்க்க வேண்டும். நிறுவனத்தின் இணைய தளத்தில் அந்த மாடலின் தொழில்நுட்ப விவரப் பட்டியலில் டி.ஜி.பி. அல்லது மேக்சிமம் கிராபிக்ஸ் பவர் என்று ஓர் எண் இருக்கும். அதுதான் நமக்கு வேண்டியது.

என் அத்தை மகனுக்கு லேப்டாப் பார்க்கப் போனபோது, ஒரு கடையில் இரண்டு மாடல்களைக் காட்டினார்கள். இரண்டிலும் ஆர்.டி.எக்ஸ். 4060. ஒன்று மெல்லியது, பார்க்க அழகாக இருந்தது, விலையும் கூடுதல். மற்றொன்று கனமானது. "ரெண்டுலயும் ஒரே கார்டுதாம்மா" என்றார் விற்பனையாளர். அத்தை மெல்லியதையே எடுத்துவிடலாம் என்றார். காட்சிக்கு வைத்திருந்த இரண்டிலும் என்விடியா கண்ட்ரோல் பேனலைத் திறந்து பார்த்தேன். மெல்லியதில் 75 வாட்ஸ், கனமானதில் 140 வாட்ஸ். "ஒரே பேர்தானேப்பா போட்டிருக்கு, அப்புறம் எப்படி?" என்று கேட்டார் அத்தை. மேலே சொன்ன மின்விசிறிக் கதையைத்தான் அங்கே சொன்னேன். விற்பனையாளர் சொன்னது பொய்யில்லை. பெயர் ஒன்றுதான், இயங்கும் திறன் ஒன்றல்ல.

இன்னொரு குழப்பம், டெஸ்க்டாப் சிப்பும் லேப்டாப் சிப்பும் ஒரே எண்ணைத் தாங்கி வருவது. டெஸ்க்டாப்புக்கான ஆர்.டி.எக்ஸ். 4070ல் 12 ஜிபி மெமரி உண்டு. லேப்டாப்புக்கான 4070ல் 8 ஜிபிதான். யூட்யூபில் வேக ஒப்பீடு பார்க்கும்போது எந்த 4070 என்று கவனியுங்கள். மேலே சொன்ன இண்டியானா ஜோன்ஸ் கேம் குறைந்தபட்சம் 8 ஜிபி கிராபிக்ஸ் மெமரி கேட்கிறது. புதிய பெரிய கேம்ஸ் ஆட நினைத்தால் இதற்குக் குறையாமல் பாருங்கள்.

ப்ராசசர்: கடைசி எழுத்தைப் பாருங்கள்

ஐ7 என்றால் ஐ5ஐ விட எப்போதும் சிறந்தது என்பது பரவலான எண்ணம். 2023ல் வந்த இரண்டு இன்டெல் ப்ராசசர்களைப் பாருங்கள். கோர் ஐ7-1355யு: அடிப்படை மின்சக்தி 15 வாட்ஸ், வேகமான கோர்கள் இரண்டு. கோர் ஐ5-13500எச்: அடிப்படை மின்சக்தி 45 வாட்ஸ், வேகமான கோர்கள் நான்கு. தொடர்ந்து கடினமான வேலை கொடுத்தால் ஐ5 தான் முன்னால் நிற்கும். பெயரின் கடைசியில் யு இருந்தால் மின்சாரச் சிக்கனம், எச் இருந்தால் வேகம், எச்எக்ஸ் இருந்தால் இன்னும் வேகம் என்று நினைவில் வைத்துக் கொள்ளலாம்.

ஏ.எம்.டி. ரைசன் 7000 வரிசையில் மூன்றாவது எண்ணைக் கவனியுங்கள். ரைசன் 5 7520யு என்பதில் மூன்றாவது எண் 2. இது 2019ல் அறிமுகமான ஜென் 2 வடிவமைப்பு. 7640எச்எஸ் என்பதில் அது 4, அதாவது ஜென் 4. இரண்டுமே ரைசன் 5 தான், இரண்டுமே 7000 வரிசைதான். ஆனால் இடையில் பல ஆண்டு இடைவெளி இருக்கிறது.

ரேம் மெமரியும் எஸ்.எஸ்.டி.யும்

ரேம் மெமரியைச் சமையல் மேடை என்றும், எஸ்.எஸ்.டி.யை மளிகைச் சாமான் அலமாரி என்றும் கொள்ளலாம். மேடை சிறியதாக இருந்தால், பாத்திரத்தை எடுப்பதும் வைப்பதுமாகவே நேரம் போகும். கேம்ஸ் ஆடும் லேப்டாப்பில் 16 ஜிபி ரேம் இருக்க வேண்டும். 16 ஜிபி ஒரே சிப் பட்டையாக இருப்பதை விட, 8 ஜிபி பட்டைகள் இரண்டாக இருப்பது நல்லது. ப்ராசசரும் ரேமும் இரு வழிகளில் தகவலைப் பரிமாறிக் கொள்ளும்.

பின்னால் ரேம் சேர்க்க முடியுமா என்றும் கேளுங்கள். மெல்லிய மாடல்கள் பலவற்றில் ரேம் சிப்புகள் போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டிருக்கும். அவற்றில் வாங்கும்போது உள்ள அளவுதான் கடைசி வரை.

எஸ்.எஸ்.டி. என்.வி.எம்.இ. வகையாக இருக்கட்டும். 512 ஜிபி என்று விற்கப்படுவதை விண்டோஸ் சுமார் 476 ஜிபி என்றே காட்டும். ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2, பால்டர்ஸ் கேட் 3 ஆகிய கேம்ஸ் ஒவ்வொன்றும் 150 ஜிபி இடம் கேட்கின்றன. இரண்டு கேம்ஸ், விண்டோஸ், கொஞ்சம் குடும்பப் போட்டோக்கள், அவ்வளவுதான். 1 டிபி வாங்குங்கள். அல்லது இன்னொரு எஸ்.எஸ்.டி. பொருத்த உள்ளே இடம் இருக்கிறதா என்று பார்த்து, பின்னால் சேர்த்துக் கொள்ளுங்கள்.

திரை

60 ஹெர்ட்ஸ் திரை ஒரு விநாடியில் 60 முறை புதுப்பிக்கப்படும். 144 ஹெர்ட்ஸ் திரையில் 144 முறை. வேகமான கேம்ஸில் இந்த வேறுபாடு கண்ணுக்கே தெரியும். 1920 x 1080 திரையில் சுமார் 20.7 லட்சம் பிக்சல்கள். 2560 x 1600 திரையில் சுமார் 41 லட்சம். பிக்சல்கள் இரு மடங்கானால் கிராபிக்ஸ் சிப்பின் சுமையும் பெருகும். நடுத்தர சிப்புக்கு முதல் வகைத் திரையே பொருத்தம்.

நிறத்தையும் பாருங்கள். விலையைக் குறைக்கப் பல நிறுவனங்கள் கை வைப்பது இங்குதான். விவரப் பட்டியலில் 45 சதவீதம் என்.டி.எஸ்.சி. என்று இருந்தால் நிறங்கள் வெளிறித் தெரியும். 100 சதவீதம் எஸ்.ஆர்.ஜி.பி. என்று இருந்தால் போட்டோ, வீடியோ எடிட்டிங் வேலைக்கும் கை கொடுக்கும்.

சூடும் பேட்டரியும்

மே மாதத்தில் வேலூரிலும் திருச்சியிலும் வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிறது. அந்த அறைக் காற்றைக் கொண்டுதான் லேப்டாப் தன்னைக் குளிர்வித்துக் கொள்ள வேண்டும். ப்ராசசரின் சூடு 100 டிகிரியை நெருங்கினால், அது தன் வேகத்தைத் தானே குறைத்துக் கொள்ளும். நீங்கள் பணம் கொடுத்து வாங்கிய வேகம் அப்போது உங்களுக்குக் கிடைக்காது. அதனால் பின்புறமும் பக்கவாட்டிலும் காற்று வெளியேற அகலமான வழி உள்ள, சற்றுத் தடிமனான மாடலே கேம்ஸுக்கு ஏற்றது. மெத்தை மீது வைத்து ஆடினால் அடிப்பக்கக் காற்று வழி அடைபடும். மேஜைதான் சரி.

பேட்டரியைப் பொறுத்தவரை ஒரு சிறு கணக்கு. 60 வாட்-ஹவர் பேட்டரி, தட்டச்சு செய்யும்போது 10 வாட்ஸ் செலவானால் 6 மணி நேரம் வரும். கேம் ஆடும்போது 100 வாட்ஸ் செலவானால் 36 நிமிடங்கள்தான். பேட்டரியில் இயங்கும்போது கிராபிக்ஸ் சிப்பின் மின்சக்தியும் குறைக்கப்படுவதால் முழு வேகம் கிடைக்காது. கேம்ஸ் என்றால் சார்ஜர் செருகியே ஆட வேண்டும் என்று வைத்துக் கொள்ளுங்கள். தினமும் கல்லூரிக்குச் சுமந்து செல்பவர் என்றால், லேப்டாப்புடன் சார்ஜரின் எடையையும் கையில் தூக்கிப் பாருங்கள். டாலி போன்ற கணக்கு வேலை இருந்தால், வலது பக்கம் தனி எண் கீகள் உள்ள கீ போர்டைத் தேர்ந்தெடுங்கள்.

கடையில் ஐந்து நிமிடச் சோதனை

1. கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் கீகளைச் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். பெர்பாமன்ஸ் பிரிவில் சி.பி.யு. மீது கிளிக் செய்தால் ப்ராசசரின் முழுப் பெயர் கிடைக்கும்.

2. அங்கேயே மெமரி மீது கிளிக் செய்தால், ரேம் அளவும் எத்தனை ஸ்லாட் பயன்பாட்டில் உள்ளது என்பதும் தெரியும். ஜி.பி.யு. மீது கிளிக் செய்தால் கிராபிக்ஸ் மெமரியின் அளவு தெரியும்.

3. என்விடியா கண்ட்ரோல் பேனலில் ஹெல்ப் மெனு சென்று சிஸ்டம் இன்பர்மேஷன் கிளிக் செய்யுங்கள். அங்கு காட்டப்படும் கிராபிக்ஸ் பவர் எண்ணைக் குறித்துக் கொள்ளுங்கள்.

4. மாடல் எண்ணைக் கடைசி எழுத்து வரை எழுதிக் கொள்ளுங்கள். ஒரே பெயரில், வேறு திரையும் வேறு ரேமும் கொண்ட பல வகைகள் வருகின்றன. காட்சிக்கு உள்ளதும், பெட்டியில் தருவதும், பில்லில் எழுதுவதும் ஒரே எண்ணாக இருக்க வேண்டும்.

5. வாரண்டி எத்தனை ஆண்டுகள், பழுதானால் வீட்டுக்கு வந்து பார்ப்பார்களா என்று கேளுங்கள்.

பணம் போதவில்லை என்றால்

எங்கே குறைப்பது என்பதிலும் ஒரு வரிசை உண்டு. கிராபிக்ஸ் சிப், அதன் வாட்ஸ், குளிர்விக்கும் அமைப்பு, திரை ஆகிய நான்கையும் பின்னால் மாற்ற முடியாது. இவற்றில் குறைக்காதீர்கள். ரேமும் எஸ்.எஸ்.டி.யும் ஸ்லாட் இருந்தால் அடுத்த ஆண்டு சேர்க்கலாம். ஆனால் 2025 இறுதியில் ரேம் விலை கடுமையாக ஏறியது போல மீண்டும் நடக்கலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். கீ போர்டில் வண்ண விளக்கு, மெல்லிய உடல், ஐ7 என்ற ஸ்டிக்கர் ஆகியவற்றுக்குக் கூடுதல் பணம் தருவதைத் தவிர்த்துவிடலாம்.

லேப்டாப் வீட்டை விட்டு வெளியே போகவே போவதில்லை என்றால், அதே பணத்தில் கூடுதல் வேகமுள்ள டெஸ்க்டாப் கிடைக்கும். அதைக் குளிர்விப்பதும் எளிது, பின்னால் பாகங்களை மாற்றுவதும் எளிது. தினமும் தூக்கிச் செல்ல வேண்டியிருக்கிறதா என்ற கேள்விக்கு வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து பதில் சொல்லிவிட்டு, பிறகு கடைக்குக் கிளம்புங்கள்.