கால்சியம் கூடியிருக்கிறதா, ஒரு கேள்வி கேளுங்கள்

எழுபதைத் தாண்டியவர் அசதி, மலச்சிக்கல், எலும்பு வலி, மறதி என்று சொன்னால் வீட்டிலும் கிளினிக்கிலும் ஒரே பதில்: வயசாயிடுச்சு. சிலருக்கு உண்மைக் காரணம் கழுத்தில் இருக்கும். தைராய்டுக்குப் பின்னால் அரிசிமணி அளவில் நான்கு பாராதைராய்டு சுரப்பிகள். அவற்றில் ஒன்று பருத்து மிதமிஞ்சிச் சுரந்தால் எலும்பிலிருந்து கால்சியம் கரைந்து ரத்தத்தில் ஏறும். சிறுநீரகத்தில் கல் சேரும். லேசாக வழுக்கினாலே இடுப்பெலும்பு முறியும். மாதவிடாய் நின்ற பெண்களிடம் இது அதிகம்.

கண்டுபிடிக்க ரத்தப் பரிசோதனையே முக்கியம். மாஸ்டர் செக்கப் ரிப்போர்ட்டில் கால்சியம் 10.8 என்று தடித்த எழுத்தில் இருக்கும். சர்க்கரையையும் கொழுப்பையும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுவோம். கால்சியம் 10.5-ஐத் தாண்டினால் இந்தச் சுரப்பிகள் சுரக்கும் பிடிஎச் என்ற ஹார்மோனையும் பார்க்கச் சொல்லுங்கள். கால்சியம் ஏறும்போது அது இறங்கியிருக்க வேண்டும். இறங்காவிட்டால் சந்தேகம் வலுக்கிறது. சில பிரஷர் மாத்திரைகளும் லித்தியமும் கால்சியத்தை ஏற்றும் என்பதால் மருந்துச் சீட்டையும் எடுத்துப் போங்கள். ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்றால் நோயே இல்லை என்று ஆகாது. எந்தச் சுரப்பி என்று சர்ஜனுக்கு இடம் காட்டத்தான் ஸ்கேன்.

நிரந்தரத் தீர்வு அறுவை சிகிச்சை. வயது மட்டுமே அதற்குத் தடை ஆகாது. எலும்புத் தேய்மானம், கல், சிறுநீரகப் பாதிப்பு, வரம்பைவிட ஒரு மில்லிகிராமுக்கு மேல் ஏறிய கால்சியம், இவற்றில் ஒன்று இருந்தாலும் ஆபரேஷனைப் பேசியாக வேண்டும். அனுபவமுள்ள கையில் நூற்றில் 95 பேருக்கு மேல் குணமாகிறார்கள். அதனால் சர்ஜனிடம், "வருஷத்துக்கு எத்தனை பாராதைராய்டு ஆபரேஷன் செய்கிறீர்கள்?" என்று கூசாமல் கேளுங்கள். சென்னை மருத்துவக் கல்லூரியிலும் வேலூர் சிஎம்சியிலும் இதற்கென்றே எண்டோகிரைன் சர்ஜரி பிரிவு உண்டு. இதயம் தாங்காது என்பவர்களுக்கு கால்சியத்தைக் குறைக்க சினகால்செட் மாத்திரை இருக்கிறது. ஆனால் அது எலும்பைத் தேற்றாது.

ஆபத்தும் உண்டு. குரல் நரம்பு அடிபட்டுத் தொண்டை கம்மலாம். ஆபரேஷனுக்குப் பின் கால்சியம் இறங்கினால் உதடும் விரலும் மரத்து, கை இழுக்கும், உடனே சொல்லுங்கள். கழுத்து வீங்கி மூச்சு திணறினால் அது அவசரம், ஒரு நிமிஷமும் காத்திருக்கக் கூடாது.

இதையெல்லாம் முன்கூட்டியே, புரியும் மொழியில் சொல்லித்தான் கையெழுத்து வாங்க வேண்டும். முறையான ஒப்புதல் இல்லாத அறுவை தவறு என்று 2008-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவண நகல் தர வேண்டும் என்பதும் விதி.

அறுவையில் சுரப்பி கிடைக்கவில்லை என்பதாலேயே அலட்சியம் என்று வழக்குப் போட முடியாது. சார்லஸ் மார்ட்டெல் என்ற அமெரிக்கக் கப்பல் கேப்டனுக்கு 1932-ல் ஏழாவது அறுவையில்தான் அது நெஞ்சுக்கூட்டுக்குள் அகப்பட்டது. ஆபத்தைச் சொல்லாமல் விட்டதும், பின்விளைவைக் கவனிக்காததும் வேறு கதை. அதற்கு இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். சிகிச்சைக்குக் கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் இல்லை. எல்லோருக்கும் முழுக்க இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனை மீது மட்டும் இந்த வழி செல்லாது. அங்கே சிவில் நீதிமன்றம்தான்.